இலவச இயந்திரம்

கேள்வி: லட்சக்கணக்கில் விலையுள்ள இரத்தப் பரிசோதனை இயந்திரத்தை லேபுகளில் இலவசமாகவே வைத்துவிட்டுப் போகிறாராமே இயந்திரக் கம்பெனியின் மண்டல விற்பனை மேலாளர், அவர் என்ன தர்மப்பிரபுவா?

பதில்: யானையைத் தானமாகக் கொடுத்துவிட்டு, அது தின்னும் கரும்பை வருஷக்கணக்கில் தம் தோட்டத்திலேயே விலைக்கு வாங்கவேண்டுமென்று பத்திரம் எழுதிக்கொள்கிறவரைக் கர்ணன் பரம்பரையில் சேர்க்கலாமென்றால், எனக்கு ஆக்ஷேபணை இல்லை. இங்கே கரும்பென்பது, பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனத் திரவமாகிய ரீஏஜென்ட்; அதன் குப்பியில் வேறு கம்பெனியின் பார்கோடு இருந்தால், இத்தகைய இயந்திரங்களிற் பல அதைத் தொடவும் மறுக்கும், அத்தனை பதிவிரதை!

ஆயினும், அளவுத்திருத்தத்துக்கும் தினசரித் தரக்கட்டுப்பாட்டுக்கும் வியயமாகும் திரவத்துக்கு எந்த நோயாளியும் பணம் தருவதில்லையாதலால், அந்தச் செலவு யாருடையதென்பதைக் கையெழுத்திடுமுன் லேப் முதலாளி வினவுவாராயின், மேலாளரின் புன்னகை சற்றே குறையக் காண்பார்.