சாம்பாருல வெல்லமாம்லே!

ஏலே பேராண்டி, பெங்களூருக்கு வேலைக்குப் போன பய, சாம்பாருல வெல்லம் போட்டுட்டாங்கன்னு உங்கம்மாகிட்ட போன்ல பொலம்பினியாமே. அவ அன்னைக்கு ராத்திரி சோறு திங்கல. நான் நல்லாத் தின்னேன். வெசத்தைப் போட்டான்னா பதறலாம், வெல்லத்தைத்தானே போட்டிருக்கான்.

அந்த ஊரு எனக்குத் தெரியாத ஊரா? வத்தல் மூட்டையோட லாரியில ஏறி, கலாசிபாளையத்துல எறங்கினவன்யா நான். அப்பவே அந்தச் சாம்பார் இனிச்சுது. எனக்காக அவன் மாத்தல, உனக்காகவும் மாத்த மாட்டான். உடுப்பிக்காரங்க கைப்பக்குவம் அது. புளியும் வத்தலும் கொதிக்கையில ஒரு துண்டு வெல்லம் விழுந்தாத்தான் அவங்களுக்கு அது சாம்பார். நம்ம வீட்டுக் காரக்கொழம்பைத் தின்னுட்டு அந்த ஊர் யாவாரி ஒருத்தர் செம்பு செம்பா தண்ணி குடிச்ச கதையை உங்க அப்பத்தாட்ட கேளு.

சரி, புது ஊருல நல்ல சோத்துக்கடையை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு கேட்ட. கேக்கலையா? கேட்டதா வச்சுக்க.

மொதல்ல அந்த போனைப் பையில போடு. அஞ்சு நட்சத்திரம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் கடைக்குள்ள காலை வைக்கியாமே. எங்க காலத்துல நட்சத்திரம் பாத்தது பொண்ணெடுக்க மட்டுந்தான். அதுலயே ஏமாந்தவன் எத்தனை பேருன்னு உங்க அப்பத்தா இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லுதேன்.

காந்தி பஜாருல வித்யார்த்தி பவன், 1943-லருந்து தோசை சுடுற கடை. வெள்ளிக்கெழம லீவு. நீ வெள்ளிக்கெழமையாப் பாத்துப் போயி, பூட்டைப் பாத்துட்டு வந்து, “இந்த ஊருல ஒண்ணும் சரியில்ல தாத்தா”ங்க. பூட்டு என்னலே பண்ணும்? மறுநா காலையில போ. சர்வர் ஒத்தக் கையில தட்டுக்கு மேல தட்டா தோசையை அடுக்கிக்கிட்டு வருவாரு. அந்தக் கையைப் பாத்துட்டு நட்சத்திரம் போடு.

ரெண்டாவது, ‘மதுரை’, ‘செட்டிநாடு’ன்னு போர்டைப் பாத்ததும் ஓடாத. போர்டுல ஊர்ப்பேரை எழுதுனவன் பெயிண்டர். அடுப்புல நிக்கிறது யாருன்னு அவனுக்கே தெரியாது. ஊரு ஞாபகத்துல வாடுற பயலுக சம்பளத்தை எங்க கொண்டாந்து கொட்டுவானுகன்னு அந்தக் கல்லாக்காரருக்கு நல்லாத் தெரியும். சுமாரா ஒரு சால்னாவை ஊத்தி, கூட ஒரு இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டாப் போதும். நீ கண்ணைத் தொடச்சுக்கிட்டு, பில்லைப் பாக்காமக் காசைக் குடுத்துட்டு வந்துருவ.

அந்த ஊருக்காரன் என்னத்தத் திங்கான்னு பாரு. மிலிட்டரி ஓட்டல்னு இருக்கும். பயந்துராத, உள்ள துப்பாக்கி இருக்காது, ஆட்டுக்கறிதான் இருக்கும். ராகி முத்தேன்னு ஒரு உருண்டையை வைப்பாங்க. நம்ம கேப்பைக்களிதான் அது. உங்க அப்பத்தா கிண்டினப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடின பய, அங்க காசு குடுத்து, போட்டோ புடிச்சுத் திங்கப்போற. மெல்லாத. கிள்ளு, கொழம்புல பொரட்டு, அப்படியே முழுங்கு. பல்லுல ஒட்டி நீ திண்டாடுறதைப் பாத்துப் பக்கத்துல உக்காந்திருக்கவன் சிரிப்பான். சிரிக்கட்டும், அவன்ட்டயே “வேற எங்க நல்லாயிருக்கும்”னு கேட்டுக்க. தொன்னை பிரியாணிக்கு ஒரு சந்து சொல்லுவான். சீரகச்சம்பா அரிசி, புதினாவும் மல்லியும் அரைச்சுப் போட்டுப் பச்சைப்பசேல்னு இருக்கும். மார்கழிப் பனியில விவிபுரம் பக்கம் போகச் சொல்லுவான். அங்க தோசையிலயும் பச்ச மொச்சை, உப்புமாவுலயும் பச்ச மொச்சை. இதெல்லாம் உன் போனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனா அது சிரிக்காதே.

லால்பாக் பக்கம் மாவள்ளி டிபன் ரூம்னு ஒண்ணு, 1924-ல தொடங்குன கடை. ரெண்டாம் உலகப் போர்ல அரிசிக்குப் பஞ்சம் வந்தப்ப, ரவையை அவிச்சு இட்லி ஆக்குனது நாங்கதான்னு அந்தக் கடைக்காரங்க சொல்லுவாங்க. அரிசியே இல்லன்னு அவங்க அம்மாவுக்கு போன் போட்டு அழல பாரு.

இப்ப முக்கியமான வித்தை. உன் ரூமு பக்கத்துல ஒரு தர்சினி இருக்கும். உக்கார எடம் கெடையாது, டோக்கனை வாங்கி நின்னுக்கிட்டே திங்கணும். தெனமும் ஒரே நேரத்துக்கு அங்க போயி நில்லு. சாம்பாரைப் பத்தி வாயைத் தொறக்காத. மொதல்ல உன் டோக்கனைப் பாப்பான். கொஞ்சநாள் கழிச்சு மொகத்தைப் பாப்பான். அப்புறம் நீ டோக்கன் வாங்கறதுக்கு முந்தியே உனக்குன்னு கல்லுல மாவு விழும். அன்னைக்கு அந்தச் சாம்பார் இனிக்குதான்னு சொல்லு.

நம்மூர் பரோட்டான்னு ஏங்குதியே, அதுல பாதி ருசி மைதாவுல இருந்துச்சு. மீதி ருசி, உங்கப்பன் பேருல கணக்கெழுதின நோட்டுல இருந்துச்சு. கடனுக்குத் தின்ன பரோட்டா ருசிக்கத்தானலே செய்யும்!

இன்னொண்ணும் சொல்லுதேன், மனசைத் தேத்திக்க. நம்ம பரோட்டாக்கடை மாஸ்டர் கேரளாவுக்குப் போயிட்டாரு. இப்பக் கல்லுல நிக்கிறது ஒரிசாக்காரப் பய. போன தீவாளிக்கு நீ வந்து, “இந்த ருசி ஒலகத்துல எங்கயும் வராது தாத்தா”ன்னு வளைச்சு வளைச்சுத் தின்னியே, அது அவன் வீசின பரோட்டாதான்.

அந்தப் பய கெட்டிக்காரன். இட்லி புளிக்குது, கொழம்பு எரியுதுன்னு யாருக்கும் போன் போடல. நம்ம வீட்டுத் திண்ணையில உங்க அப்பத்தா பழைய சோத்தைப் பிழிஞ்சு வைக்கறதை ஒருநா எட்டிப் பாத்தான். “எங்க ஊருலயும் இதான், ‘பக்காலா’ன்னு சொல்லுவோம்”னு ஒரே சிரிப்பு. பெறவு தெனமும் காலையில ஆஜர். சுட்ட வத்தல், சின்ன வெங்காயம், மோரு. அவன் கண்டுபுடிச்ச ஓட்டல் நம்ம திண்ணை. இதுக்கு எத்தனை நட்சத்திரம்னு நான் கேக்கல, அவனும் சொல்லல.

நீ பொங்கலுக்கு வா. ஆனா, வாரதுக்கு முந்தி அந்தப் பயலுக்கு ஒரு போன் போட்டுக்க. உன் பங்குக்குப் பானையில பழையது மிஞ்சுமான்னு அவன்தான் சொல்லணும்.