கறிவேப்பிலைக்கு விசா கிடையாது

நியூஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் போவது சாமான். துணைக்குப் போகிறவன் நான். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. கொக்கித் தராசில் எடை கூடும்போதெல்லாம் வெளியே வந்து விழுவது என் சட்டை. பருப்புப் பொடி வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்கு உள்ள ஒரே உத்தியோகம், சட்டத்தைப் படித்துச் சொல்வது. அதற்கு என்ன மரியாதை என்றால், "கறிவேப்பிலை கூடாது" என்று நான் வாயெடுப்பதற்குள் மனைவி அதை ஈரத்துணியில் சுற்றி முடித்திருந்தாள்.

"ஏன் கூடாதாம்?"

சொன்னேன். கறிவேப்பிலையும் ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம். இந்த இலையில் எள்ளளவுக்கு ஒரு பூச்சி சாறு உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சு மரத்தைக் காயெல்லாம் பச்சையாகவே உதிர வைக்கிற நோயைப் பரப்புவது அதுதான். ஃபிளாரிடாவில் 1998இல் பூச்சி தென்பட்டது, 2005இல் நோய். 2003-04இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு பறித்த மாநிலம், இருபது வருடத்தில் 2 கோடிக்கும் கீழே போய்விட்டது.

கொஞ்சம் உருக்கமாகவே முடித்தேன்.

"சொந்தம்னு வந்து ஒட்டிக்கிட்டு குடும்பத்தையே கெடுத்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு, ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். கறிவேப்பிலை பெட்டியை விட்டு இறங்கியது.

இட்லி அரிசியும் போகாது. காரணம் கப்ரா வண்டு. 1953இல் கலிஃபோர்னியாவில் அகப்பட்டபோது அதை ஒழித்துக்கட்டப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதன் புழு, தீனியே இல்லாமல் வருடக்கணக்கில் சந்து பொந்தில் படுத்துக் கிடக்குமாம். பதினோரு மணிக் காபி கொஞ்சம் தள்ளிப்போனாலே கை நடுங்குகிற எனக்கு அந்தப் புழுமேல் தனி மரியாதை. கொப்பரையைத் தானாகத் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமான விதிகள் அபாயப் பட்டியலில் வைத்திருக்கின்றன. சுண்டைக்காய்ச் செடியை அமெரிக்கச் சட்டம் தீய களை என்கிறது. சின்ன வயதிலிருந்தே நானும் அந்தக் கட்சிதான்; சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யார் கேட்டார்கள்?

கிளம்புகிற நேரத்தில் அம்மா, மாரியம்மன் கோயில் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். "இதுவும் அதே குடும்பம்தாம்மா" என்றேன். அம்மனிடமே பர்மிட் கேட்டவன் என்று தெருவில் பேர் வாங்கியாயிற்று. மைத்துனன் சமர்த்து, பழத்தைக் கார்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிவிட்டான்.

மிச்சத்துக்கு வழி ஒன்றே ஒன்று. சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கூடாதது இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், அதோடு சரி. மறைத்து மாட்டினால் 10,000 டாலர் வரை அபராதம். போதாததற்கு 1984இலிருந்து பீகிள் நாய்கள் வேறு மோப்பத்துக்கு இருக்கின்றன. அவை குரைப்பதில்லை. வாசனை பிடித்ததும், பந்தியில் இடம் போடுகிற என் பெரியப்பா மாதிரி, பக்கத்தில் வந்து அடக்கமாக உட்கார்ந்துவிடும்.

நேவார்க்கில் அதிகாரி, உணவு ஏதும் உண்டா என்றார். என் பட்டியலைக் கேட்க உலகத்தில் ஓர் ஆள் கிடைத்துவிட்ட உற்சாகத்தில் ஆரம்பித்தேன்: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாங்காய்த் தொக்கு, முறுக்கு, அப்பளம், வடாம், வடாமில் இரண்டு தினுசு... அவர் கையைத் தூக்கினார். மாமிசம்? இல்லை. பழம், செடி, விதை? இல்லை. போகலாம் என்றார். எனக்கு இன்னும் அரைப் பக்கம் பாக்கி இருந்தது.

வெளியே வந்ததும் மனைவி தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு மாசமா பயமுறுத்தினீங்க? அடுத்த தடவை உங்க பேன்ட்டையும் எடுத்துட்டா இன்னொரு டப்பா முறுக்கு போகும்."