மோந்து பாருங்க சார்!

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், மூக்குக்கு நேராக ஒரு பிடி கறுப்பு மண் நீளும்.

“மோந்து பாருங்க சார். நாத்தம் அடிக்குதா?”

“இல்லை” என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது புதுக் குடித்தனக்காரர்களின் அறியாமை. “அவசரப்படாதீங்க. மூச்சை நல்லா இழுங்க. மழை பெஞ்ச மண்ணு வாசனை வருதா?” வருகிறது என்று ஒப்புக்கொள்ளும்வரை எங்கள் அடுக்ககத்துக் கம்போஸ்ட் சாரின் கை இறங்காது.

கொலுவுக்கு வந்த மாமிகள் சுண்டலுக்கு முன்னால் இதை மோந்திருக்கிறார்கள். கேஸ் போட வந்த பையன் தோளில் சிலிண்டரோடு நின்று மோந்திருக்கிறான். மூன்றாவது மாடிக்குப் பெண் பார்க்க வந்த கோஷ்டி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மோந்தது. அந்த இடம் தகையவில்லை. காரணம் ஜாதகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை எனக்குக் கடும் ஜலதோஷம். “மூக்கு அடைச்சிருக்கு சார்” என்றேன், வெற்றிப் புன்னகையோடு. “அதனால என்ன?” என்று என் உள்ளங்கையில் கொட்டி, விரல்களை அவரே மடக்கிவிட்டார். “பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும். புட்டு மாவுப் பதம்!” அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புட்டு கிடையாது.

கம்போஸ்ட் தொட்டி விஷயத்தில் மட்டும் அவருக்கு நிலைத்த புத்தி இல்லை. முதலில் 20 லிட்டர் பெயின்ட் வாளி. காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் துளை. பிறகு, “மண்பானைதான் மூச்சு விடும்” என்று மூன்றடுக்குப் பானை. பூனை அதை உருட்டியதும் நீல டிரம். இப்போது கைப்பிடி வைத்துச் சுழற்றும் பீப்பாய். எல்லாம் மொட்டை மாடியில், நான் துணி காயப்போடும் இடத்தில்.

ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்பது அவர் வேதம். கார்த்திகை அடைமழையில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது? டிரம் நாறியது. புழுக்கள் வெளியேறி என் வேட்டியில் ஏறின. “அது நல்ல புழு சார்” என்றார். அந்த ஒரு வாரம் மட்டும் யார் மூக்குக்கும் கை நீளவில்லை. நியாயஸ்தர்தான்.

அவர் கண்ணில் படாமல் பச்சைக் குப்பைக்கூடையோடு மாடிப்படி இறங்க முடியாது. “தர்பூசணித் தோலா? கொடுங்க இப்படி!” பிடுங்கிக்கொண்டு, போகிற போக்கில் பாடமும் எடுப்பார்: “பொடிசா நறுக்கிப் போட்டாத்தான் சார் சீக்கிரம் மக்கும்.”

நறுக்குவது அவர் இல்லை. மூன்று வேளைச் சமையலும் முடித்த அவர் வீட்டம்மா, பால்கனியில் அரிவாள்மணை முன் உட்கார்ந்து, எட்டு வீட்டுத் தோலையும் நறுக்குகிறார். கிளறுவதும் அவர்தான், மேலே புளித்த மோர் தெளிப்பதும் அவர்தான். பழுத்த பிறகு ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஊர்வலம் கிளம்புவது மட்டும் சாரின் பங்கு.

போன வாரம் படியில் பார்த்தபோது அந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“தம்பி, தர்பூசணி வாங்கினா அவர் தூங்கினப்புறம் குப்பையில போட்டுடுங்கப்பா.”