தேயிலைச் சரிவில் தொலையாமல் படம் திருத்துவது எப்படி?

கேமரன் மலையில் படம் எடுக்காத ஜோடியின் கல்யாணம் செல்லாது என்று இன்னும் சட்டம் வரவில்லை. சனிக்கிழமை காலையில் சுங்கை பாலாஸ் பக்கம் போனால் வந்துவிட்டதோ என்று தோன்றும். பட்டுப்புடவை, வாடகைக் கோட்டு, பின்னால் மலை முழுக்க வரிவரியாகத் தேயிலை. படம் எடுப்பவர் பாடு அங்கேயே முடிந்துவிடும். எடுத்த படத்தைத் தாப்பாவிலோ ஈப்போவிலோ ஒரு மாடிக்கடையில் உட்கார்ந்து திருத்தப்போகும் உங்களுக்காகத்தான் இந்தக் கையேடு.

முதல் படி: எலியின் சக்கரத்தை உருட்டுங்கள். படம் பெரிதாகும் என்று எதிர்பார்த்தீர்கள். அது மேலே ஏறிப்போகும். உடனே இன்னும் வேகமாக உருட்டுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். மணமக்கள் திரையின் உச்சி வழியாக வெளியேறியதும் எலி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, தம்பியை அனுப்பிப் புதிய எலி வாங்குங்கள். புதிய எலியும் அதையேதான் செய்யும்.

ஏனென்றால் ஃபோட்டோஷாப்பில் சக்கரத்தை வெறுமனே உருட்டினால் படம் மேலும் கீழும் போகும். ஆல்ட் விசையோடு உருட்டினால் பெரிதாகும், கன்ட்ரோலோடு உருட்டினால் பக்கவாட்டில் போகும். காசில்லாமல் கிடைக்கும் கிம்ப்பிலோ கன்ட்ரோல்தான் பெரிதாக்கும், பக்கவாட்டுக்கு ஷிஃப்ட். பகலில் கடையில் அது, இரவில் வீட்டில் இது என்று வேலை செய்பவருக்கு எந்த நேரத்திலும் தப்பான விரல்தான் முந்திக்கொள்ளும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பிரஃபரன்சஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய், சக்கரத்தால் பெரிதாக்கும் கட்டத்தில் டிக் போட்டால் ஆல்ட் தேவைப்படாது. போட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள். மறுநாள் அதே கணினியில் உட்காருபவர் படும் பாட்டைப் பார்ப்பதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது.

இரண்டாம் படி, ஸ்பேஸ் விசை. அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் இரண்டு மென்பொருளிலும் படம் கையோடு வரும். ஆனால் ஃபோட்டோஷாப்பில் எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் வராது. மணப்பெண் பெயரின் நடுவில் இடைவெளி விழும். "மீ னா" என்று ஆல்பம் அச்சாகி வந்தபின் விளக்கம் சொல்வது கடினம்.

இனி, தொலைந்துபோவது. மற்றதெல்லாம் சில்லறைத் தொல்லை. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000-க்கு 4000 புள்ளிகள். 1920-க்கு 1080 திரையில் அதை 100 விழுக்காட்டில் வைத்தால் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெரியும். 800-க்குப் போனால் 740-இல் ஒரு பங்கு. கடற்கரைப் படமென்றால் மணலா வானமா என்றாவது தெரியும். இங்கே மேலே உருட்டினாலும் பச்சை, கீழே உருட்டினாலும் பச்சை. இந்த மலைக்குத் தொலைவது புதிதல்ல. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதிவைத்தார். வரைபடத்தில் குறிக்காமல் விட்டார். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்பவர் வந்து பார்த்து மலைவாசத்தலம் ஆக்கலாம் என்று சொல்லும்வரை நாற்பது வருடம் அது அப்படியே கிடந்தது. நேவிகேட்டர் பலகையை மூடிவைத்துவிட்டு உருட்டுகிறவர்கள் கேமரன் வழி வந்தவர்கள். அந்தப் பலகையில் முழுப்படமும் சின்னதாகத் தெரியும், நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் இருக்கும். கிம்ப்பில் படச்சன்னலின் வலது கீழ்மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் அதே வசதி.

பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இங்கே உலாவப் போனார். இராணுவம், போலீஸ், பூர்வகுடியினர் எல்லாரும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் மணமக்களுக்கு அந்தக் கதி வேண்டாம்: ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலும் சுழியமும், கிம்ப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே. முழுப்படமும் திரைக்குள் வந்து நிற்கும்.

வந்து நின்றதும் சரிவில் அலை அலையாக ஏதோ ஓடுவது போலத் தெரியலாம். பதறவேண்டாம். நெருக்கமான வரிசைகளைத் திரையின் குறைந்த புள்ளிகளுக்குள் திணிக்கும்போது உண்டாகும் பொய்க்கோலம் அது; 33, 67 என்று அரைகுறை அளவுகளில் நன்றாகத் தெரியும். 100 விழுக்காட்டுக்குப் போனால் மறையும். மறையாவிட்டால் கோலம் படத்திலேயே இருக்கிறது, எடுத்தவரைத் திட்டலாம்.

கடைசியாக, பெரியம்மா. மணப்பெண்ணோடு அவசியம் ஒருவர் வருவார். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வா, தம்பி" என்பார். 300 விழுக்காட்டில், அதுவரை தூசி என்று நினைத்தது ஆளாக மாறும். வெட்டும் இயந்திரமும் முதுகில் சாக்குமாக ஒரு தோட்டத்துத் தொழிலாளி.

"அது யாருலா நடுவுல?"

"வேலை செய்றவர், பெரியம்மா."

"அழிச்சிடு."

ஒரே இழுப்பில் அழித்துவிடலாம், கருவி இருக்கிறது. நான் அழிக்கமாட்டேன். கொழுந்து பறிக்காமல், கவாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். மணமக்களுக்குப் பின்னால் சரிவும் தெரியாது, மலையும் தெரியாது. இந்தப் பச்சைப் பாயை இடுப்பளவில் வைத்திருப்பவரே அந்தத் தூசிதான். ஆனால் இதைப் பெரியம்மாவிடம் வாதாடி வென்றவர் எவரும் இல்லை. ஆகவே அவர் வரும் நேரத்தில் கன்ட்ரோல் சுழியம் அழுத்தி, எலியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுங்கள். அச்சு முடியும்வரை படத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே பெரிதாக்க ஆல்ட்டும் வேண்டாம், கன்ட்ரோலும் வேண்டாம். பெரியம்மாவின் இரண்டு விரல் போதும்.