சூடும் சொரணையும்

2001-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மாணவர் விடுதியில் அத்லான் பிராசசர் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை இருந்தது. அதைத் தயாரித்த ஏஎம்டி கம்பெனியின் ஃபேப் 30 ஆலை அந்த நகரத்தில்தான் இருந்தது. சில்லில் நீலச் சாயல் தெரிந்தால் உள்ளூர்ச் சரக்கு. பச்சை என்றால் அமெரிக்காவின் ஆஸ்டின்.

1400 மெகாஹெர்ட்ஸ் அத்லான் 72 வாட் வரை கக்கும். விரல்நகம் அளவு சில்லுக்கு அது ரொம்ப அதிகம். ஆனால் தன் சூட்டைச் சொல்ல அதற்குள் சென்சார் கிடையாது. சாக்கெட்டின் நடுப்பள்ளத்தில் ஒரு தெர்மிஸ்டர் நிற்கும். பிராசசரின் அடிப்பக்கத்தைத் தொடாவிட்டால், அது இடைவெளிக் காற்றின் சூட்டைத்தான் சொல்லும்.

நாங்களே வைத்தியம் பார்த்தோம். பிராசசரைக் கழற்றி, தெர்மிஸ்டரின் கால்களை இடுக்கியால் நிமிர்த்தி, தலையில் கடுகளவு தெர்மல் பேஸ்ட் வைத்துத் திரும்பப் பொருத்துவோம். கால் அதிகம் நிமிர்ந்தால் பிராசசர் சமமாக உட்காராது. பேஸ்ட் கூடினால் சாக்கெட் ஓட்டைகளில் இறங்கிவிடும். கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டால், முன்பு 44 டிகிரி காட்டிய பயாஸ் 57 காட்டியது.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு மாப்ள, நீ எதுக்குக் காய்ச்சலைக் கண்டுபிடிச்சே?” என்றான் மதுரைக்கார அறைத்தோழன்.

அந்த செப்டம்பரில் ஜெர்மானிய மருத்துவர் தாமஸ் பாப்ஸ்ட் நடத்திய ‘டாம்ஸ் ஹார்டுவேர்’ ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடும்போதே ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துத் தப்பித்தது, அத்லான் புகைந்தது. அதைப் பார்த்த தோழன் மறுபேச்சில்லாமல் நிமிடத்துக்கு 7000 சுற்று வேகத்தில் அலறும் ஃபேன் வாங்கி வந்தான். அப்புறம் தூக்கம் போனதே தவிர, பயம் போகவில்லை.

இப்போது இடுக்கிக்கு வேலையில்லை. சென்சார்கள் சில்லுக்குள்ளேயே இருக்கின்றன. சூடு எல்லை தொட்டால் பிராசசரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஊர்ப்பெருமையும் போயிற்று, ஏஎம்டி சில்லு இன்று பெரும்பாலும் தைவானில் தயாராகிறது. 2022 செப்டம்பரில் வந்த ரைசன் 7000 வரிசை, முழு வேலையில் 95 டிகிரியைத் தொடும். வடிவமைப்பே அப்படித்தான், கவலை வேண்டாம் என்றது கம்பெனி. 57-க்குக் குலை நடுங்கிய நானும் தலையாட்டினேன்.

அதே செப்டம்பரில் எரிவாயுவை மிச்சம்பிடிக்க, பொது அலுவலக அறைகளை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்ற ஜெர்மன் அரசின் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அங்கே ஸ்வெட்டரோடு விறைத்துக்கொண்டிருந்த எங்களிடம், ‘வடிவமைப்பே அப்படித்தான்’ என்று சொல்ல எந்தக் கம்பெனியும் வரவில்லை.