தம்பிக்கு எது வழி?

கேள்வி: என் தம்பிக்கு மனநோய். சொந்தக்காரர்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். ஜப்பான் மாதிரி முன்னேறிய நாட்டிலும் இப்படி உண்டா?
— ஒரு வாசகி, சென்னீர்குப்பம்

பதில்: உண்டு, சகோதரி. கியோத்தோ அருகே இவாகுராவில் தைஉன்ஜி என்ற புத்தர் கோயில். அதன் புனித நீரை நம்பி வந்த மனநோயாளிகளைக் கிராமத்தார் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். கொடுமை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1900-இல் வந்த சட்டம், நோயாளியை வீட்டிலேயே அடைத்துவைக்கக் குடும்பத்துக்கு அனுமதி தந்தது! ஜெர்மனி சென்று படித்த பேராசிரியர் கூரே ஷூஸோ, தன் மாணவர்களை அனுப்பி 300-க்கும் மேற்பட்ட அடைப்பறைகளைப் பார்க்கச் செய்து, 1918-இல் அந்த அவலத்தை அறிக்கையாக வெளியிட்டார். அப்படியும் வீட்டுச் சிறை ஒழிய 1950 ஆனது.

நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அந்தச் சங்கிலி சாமி கேட்ட காணிக்கை அல்ல. மனிதர் கடையில் வாங்கியது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது. அந்தத் தீக்குப் பிறகு தர்காவிலேயே துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

தர்காவுக்குப் போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள், எந்தச் சாமியும் கோபிக்காது. ஆனால் முதலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே பஸ் ஏறி, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவில் தம்பியைக் காட்டுங்கள். இரவில் பதறினால் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.