பொறங்கை வைத்தியம்

வா பேராண்டி, வா. வண்டி இன்னா பளபளன்னு கீது! சங்கு தீர்த்தக் கரையில நிறுத்தினா சனம் குளத்தை விட்டுட்டு இதைத்தான் பாக்கும். டயருக்குக்கூட கருப்பு பாலிஷ் போட்டிருக்க. ரோட்டைப் பாக்கறது டயரா, நீயா? போன வாரம் உன் வண்டியில வந்து எறங்கினதும் எனக்குக் கண்புரைதான்னு முடிவு பண்ணி டாக்டர்கிட்ட போயிட்டேன். அவரு லைட்டு அடிச்சிப் பார்த்துட்டு, "கண்ணு நல்லாத்தானே இருக்குது பெரியவரே, யார் வண்டியில வந்தீங்க?"ன்னாரு.

முன்கண்ணாடி உள்பக்கத்துல அழுக்கு எப்படி வந்துச்சின்னு முழிக்காத. உள்ளயே பொறந்தது அது. புது வண்டி வாசனைன்னு மூக்கை விரிச்சி இழுத்தியே, அதுல பாதி டேஷ்போர்டு பிளாஸ்டிக் இளக்கமா இருக்கறதுக்காகச் சேக்கற எண்ணெய்ப் பசை. சித்திரை வெயில்ல ஆவியா கெளம்பி கண்ணாடியில போய் ஒட்டிக்கும். அது போதாதுன்னு மினுமினுப்புக்கு நீ வேற ஒரு பாலிஷ் பூசற. வெள்ளிக்கெழம தவறாம கதவை மூடிகினு டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குச் சாம்பிராணி. அவருதான் பாவம், அவ்ளோ நீளத் தும்பிக்கை இருந்தும் கண்ணாடி மூலையைத் தொடைக்காம உக்காந்திருக்காரு.

வேற ஊர்ல இருந்தாலும் பரவால்ல. நம்ம ஊர்ல இருந்து மாமல்லபுரம் ரோடு நேரா கிழக்கால போவுது. காலையில போனா சூரியன் மூஞ்சில. சாயங்காலம் திரும்பினா மறுபடியும் மூஞ்சில. அந்த எண்ணெய்ப் பசையில பட்டு வெளிச்சம் சிதறினா, எதிர்ல வர்றது பஸ்ஸா பால்காரனான்னு தெரியாது. நம்ம ஊரு மலைக்கோயிலுக்கு உச்சிவேளையில சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வந்த கழுகுங்க வராம நின்னு ரொம்ப வருஷம் ஆவுது. நாளைக்கே திரும்பி வந்தாலும், நீ உன் வண்டிக்குள்ள இருந்து பாத்துட்டு கொக்குன்னுதான் சொல்லுவ.

கருப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு 2012லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சி. முன் கண்ணாடி வழியா 100க்கு 70 பங்கு வெளிச்சம் வரணும்னு சட்டம். உன்னுது காசில்லாம ஒட்டின ஃபிலிம். போலீஸ்காரர் மடக்கினா, எந்தக் கணக்குல ஃபைன் எழுதறதுன்னு அவரே கொழம்பிப்போவாரு.

தொடைச்சேன் தாத்தாங்கற. தெரியுதே, கை எட்டின வரைக்கும் ஒரு அரைவட்டம்! கீழ, டேஷ்போர்டும் கண்ணாடியும் சேர்ற மூலையில கை படவே இல்ல. உன்னை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அம்பாசடர்ல கண்ணாடி நிமிந்து நிக்கும். உக்காந்த எடத்துல இருந்தே கை எட்டும். இப்ப காத்தைக் கிழிச்சிகினு ஓடணும்னு கண்ணாடியைப் படுக்க வச்சிட்டான், டேஷ்போர்டு திண்ணை மாதிரி நீண்டுபோச்சி. மேரி ஆண்டர்சன்னு அமெரிக்காக்கார அம்மா 1903லயே வெளிக்கண்ணாடிக்கு வைப்பர் கண்டுபுடிச்சி பேட்டன்ட் வாங்கிட்டாங்க. உள்ள தொடைக்க இன்னும் உன் கைதான்.

எங்க, கையைக் காட்டு. இப்படி இல்ல, திருப்பு. உள்ளங்கையால போனா மூலைக்குள்ள மணிக்கட்டு மடங்காது. பொறங்கையில துணியைப் போட்டு, விரல்நுனியை உள்ள விட்டு இழு. டிரைவர் சீட்ல உக்காந்து ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டாத. இடதுபக்க சீட்டைப் பின்னால தள்ளி அங்க உக்காரு. பிள்ளையாரையும் கொஞ்ச நேரம் எடுத்துப் பின்சீட்ல வை, கோவிச்சிக்க மாட்டாரு.

மொதல்ல வண்டியை நெழல்ல விட்டு கண்ணாடி ஆறட்டும். சூட்டோட தொடைச்சா மருந்து காஞ்சி கோடு விழும். மருந்துன்னா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் பாதி, கேன் தண்ணி பாதி. பேரைக் கேட்டதும் எதிர்வீட்டுக்காரன் தம்ளரோட வந்துட்டான். அது குடிக்கற சரக்கில்ல, விஷம். போர் தண்ணி ஊத்தாத, உப்பு வெள்ளையா பூத்துக்கும். கதவைத் தொறந்து வை, கற்பூரத்தை அந்தப் பக்கமே கொண்டு போவாத, பத்திக்கும். கண்ணாடி மேல நேரா பீச்சினா வழிஞ்சி டேஷ்போர்டுக்குள்ள எறங்கும், துணியில தெளி. ஈரத்துக்கு ஒரு துணி, அது காயறதுக்குள்ள இழுக்க காஞ்ச துணி ஒண்ணு. என் தோள்துண்டைப் பாக்காத, அதுல பாதி தேங்காயெண்ணெய்.

உள்பக்கம் மேலும் கீழுமா, வெளிப்பக்கம் குறுக்கால தொடை. கோடு தெரிஞ்சா எந்தப் பக்கத்துதுன்னு பாத்ததும் தெரிஞ்சிடும். பின்கண்ணாடியில மெல்லிசா கோடு ஓடுதே, அது பனியை வெரட்டற கம்பி. அங்க மட்டும் அது போற போக்குலயே தொடைக்கணும், கம்பிக்குக் குறுக்கால சொரண்டினா அறுந்துபோவும். கதவுக் கண்ணாடியை ஒரு விரக்கடை எறக்கி மேல்விளிம்பையும் தொடை, ரப்பருக்குள்ள ஒளிஞ்சிருந்த அழுக்கு வெளிய வரும்.

அப்பவும் மூலை எட்டலையா? முக்கோணத் தலை வச்ச நீளக் கைப்பிடி கடையில விக்குது. அதுக்குக் காசு போட உனக்கு மனசு வராதுன்னு எனக்குத் தெரியும். நான்ஸ்டிக் கல்லுக்குன்னு உங்கம்மா மரத்துல தட்டையா ஒரு தோசைத்திருப்பி வச்சிருக்கா பாரு, அதுல துணியைச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டா மூலைக்கே போய் நிக்கும். இரும்புத் திருப்பி வேணாம், கீறிடும். அவ குளிக்கப் போற நேரமா பாத்து எடு. மாட்டிக்கினா மட்டும் என் பேரை இழுக்காத. எனக்கு ராத்திரி தோசை வேணும்.